மாடித் தட்டுக்கு வரும் பறவைகளும் கூடவே வரும் கதைகளும்

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு மண் தட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். நம் ஊரில் பறவை பார்க்கத் தொடங்க இவ்வளவு போதும். முதலில் காக்கை வரும். அது தின்று உயிரோடு பறப்பதைப் பார்த்துவிட்டு மைனாவும் அணிலும் வரும். பிறகு தவிட்டுக்குருவிக் கூட்டம், கொண்டைக்குருவி, தெருவில் பெரிய மரங்கள் மிச்சமிருந்தால் கிளி, வால்காக்கை. அவற்றோடு சேர்ந்து அறிவுரைகளும் வந்துசேரும். அரிசி வைக்காதீங்க, வயிறு வீங்கிச் செத்துடும். குஞ்சைத் தொடாதீங்க, தாய் சேர்க்காது. தினமும் வச்சா சோம்பேறியாயிடும். டவர் வந்த பிறகு குருவி ஏது சார்?

இவற்றில் சில பாதி உண்மை, சில முழுப் பொய். ஆனால் ஏறக்குறைய எல்லாமே தட்டில் நடப்பதை மட்டும் பார்த்துப் பிறந்தவை. ஒரு பறவை நம் தட்டில் இருப்பது நாளில் சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் அது எங்கே மேய்கிறது, குஞ்சுக்கு எதைக் கொண்டுபோகிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது என்று கொஞ்சம் பின்தொடர்ந்து பார்த்தால் பல கதைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

"செல்போன் டவர்தான் சிட்டுக்குருவியை ஒழித்தது"

தமிழர்களிடம் இதைவிட ஆழமாக வேரூன்றிய பறவை நம்பிக்கை இன்று வேறில்லை. 2018இல் வந்த '2.0' திரைப்படம் அதற்குப் பட்சிராஜன் என்றொரு முகத்தையும் கொடுத்துவிட்டது. செல்போன்கள் வானத்தில் பறந்து பழிவாங்கும் காட்சியைத் திரையில் பார்த்தவரிடம் புள்ளிவிவரம் பேசுவது கடினம்தான். இருந்தாலும் பேசிப் பார்ப்போம்.

லண்டன் கென்சிங்டன் பூங்காவில் 1925இல் மாக்ஸ் நிக்கல்சன் என்ற இளைஞர் சிட்டுக்குருவிகளை எண்ணினார். 2,603 இருந்தன. அதே பூங்காவில் 1948இல் எண்ணியபோது 885. 1975இல் 544. 1995இல் 46. 2000இல் வெறும் 8. பிரிட்டனில் செல்போன் சேவை தொடங்கியது 1985இல். அதற்குப் பத்து ஆண்டு முன்பே அந்தப் பூங்காவின் குருவிகளில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டிருந்தது. முதல் சரிவுக்குச் சொல்லப்படும் காரணம் சுவையானது. லண்டன் தெருக்களிலிருந்து குதிரைகள் போய் மோட்டார் வண்டிகள் வந்தன. குதிரையின் வாயிலிருந்து சிந்திய ஓட்ஸும், சாணத்தில் கிடந்த செரிக்காத தானியமும் குருவிகளுக்குப் பெரிய தீனியாக இருந்தன. குதிரை போனதும் அதுவும் போயிற்று.

அடுத்த சரிவுக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 5,000 பவுண்டு பரிசு என்று 2000இல் 'தி இண்டிபென்டென்ட்' நாளிதழ் அறிவித்தது. பிறகு லெஸ்டர் நகரில் கூடு கூடாகப் பார்த்து நடத்திய ஆய்வு ஒரு முக்கியமான துப்பைத் தந்தது: முட்டை பொரிகிறது, ஆனால் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் சாகின்றன. தானியம் தின்னும் குருவியின் குஞ்சுக்குத் தானியம் ஆகாது. முதல் சில நாட்கள் அதற்குப் புழு, பூச்சி, அசுவினி, சிலந்தி வேண்டும். நம் தட்டில் கம்பும் நொய்யும் எவ்வளவு குவிந்திருந்தாலும், தெருவில் பூச்சி வாழ ஒரு வேலியோ புதரோ இல்லையென்றால் அந்தக் குடும்பம் தேறாது.

நம் நிலவரம் என்ன? நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு 2020இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வெளிவந்தது. ஒட்டுமொத்த நாட்டை எடுத்துக்கொண்டால் இருபத்தைந்து ஆண்டுகளில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்றது அது. குறைந்திருப்பது சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில். டவர் இன்று எந்தக் கிராமத்தில் இல்லை? டவர்தான் எமன் என்றால் கிராமத்துக் குருவியும் செத்திருக்க வேண்டும். ஆனால் சிற்றூர்ப் பேருந்து நிலையத்திலும் அரிசிக் கடை வாசலிலும் டவருக்கு நேர் கீழேயே அது குதித்துக்கொண்டிருக்கிறது.

அலைக்கதிர் பறவையை ஒன்றுமே செய்யாது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் நடந்த சில ஆய்வுகள் சமிக்ஞை வலுவான இடங்களில் ஆண் குருவிகள் குறைவாக இருப்பதாகக் கண்டன. ஆனால் சமிக்ஞை வலுவான இடம் பெரும்பாலும் கான்கிரீட்டும் நெரிசலான இடம். எது காரணம், எது கூட இருந்தது என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வுகளால் முடியவில்லை. ஓட்டுக் கூரையின் இடுக்கு, எறவாணம், சுவரில் விட்ட சாரப் பொந்து எல்லாம் போய்விட்டன. பாக்கெட் அரிசி வந்ததால் முற்றத்தில் முறம் வைத்துப் புடைப்பவர் இல்லை. இவை கண்ணெதிரே நடந்தவை. டவரைக் குற்றம் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது: தப்பு கம்பெனிக்காரன்மேல் போய்விடுகிறது, நம் வீட்டைக் கட்டிய விதத்தின்மேல் விழுவதில்லை.

போகிறபோக்கில் ஒன்று. அந்தப் பட்சிராஜனைப் பார்த்ததும் பலருக்கு நினைவு வந்தவர் பறவையியலாளர் சாலிம் அலி. சிறுவயதில் அவர் சுட்டு வீழ்த்தி, பின்னர் பறவைகள் பக்கம் அவரைத் திருப்பிய குருவி நம் வீட்டுச் சிட்டுக்குருவி என்றே பலர் எழுதுகிறார்கள். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்ற வேறு இனம்.

"பச்சரிசி தின்றால் பறவையின் வயிறு வெடித்துவிடும்"

இந்தக் கதை மேல்நாட்டிலிருந்து இறக்குமதியானது. அங்கே மணமக்கள்மீது அரிசி தூவும் வழக்கம் உண்டு. அதைப் பொறுக்கித் தின்னும் பறவைகளின் வயிற்றில் அரிசி ஊறி வெடிக்கிறது என்ற பேச்சு கிளம்பி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1985இல் அதைத் தடைசெய்யச் சட்ட முன்வரைவு கொண்டுவரும் அளவுக்குப் போயிற்று. சில்லையும் தூக்கணாங்குருவியும் நெல் வயலில் இறங்கினால் என்ன ஆகும் என்று தஞ்சாவூர் விவசாயி யாரையாவது கேட்டிருந்தால் அந்த முன்வரைவு பிறந்தே இருக்காது. வெடிப்பது பறவையின் வயிறல்ல, விவசாயியின் வயிறு.

தானியத்தைப் பறவை அப்படியே விழுங்கினாலும், அதன் வயிற்றின் தசைப்பை விழுங்கிய சிறு கற்களோடு சேர்த்து அரைத்துவிடும். ஊறி வீங்கும்வரை அரிசி அங்கே சும்மா கிடப்பதில்லை. சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் மாடியில் பலகைகளை வரிசையாக அடித்து, ஊறவைத்த அரிசி வைத்து ஆயிரக்கணக்கான கிளிகளை வரவழைத்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். (அந்தக் கிளிகளில் ஒன்றைப் பிடித்துக் கூண்டில் வைத்தால் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியக்காரர்களுக்கும் இதே சட்டம்தான்.)

அரிசியை விடக் கவனிக்க வேண்டியவை வேறு. மிச்சமான மிக்சர், முறுக்கு, சிப்ஸ், உப்புக் கடலை ஆகியவற்றைத் தட்டில் கொட்டுகிறோம். சின்ன உடம்பு அவ்வளவு உப்பைத் தாங்காது. பிரெட்டும் பிஸ்கெட்டும் விஷமல்ல, ஆனால் வயிற்றை அடைக்கும், சத்து தராது. பழைய வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்திருந்தால் அதில் நஞ்சு இருக்கும். "நமக்குத்தான் ஆகாது, அணிலுக்குப் போடலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. கம்பு, தினை, நொய், உப்பில்லாத சோறு, பழுத்த வாழை, கொய்யா, பப்பாளி, வறுக்காத கடலை இவை போதும். நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டி எறவாணத்தில் தொங்கவிடும் பழக்கம் நம்மிடம் இருந்தது. அதைவிட நல்ல குருவித் தட்டு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

"தினமும் வைத்தால் தானாக இரை தேடுவதை மறந்துவிடும்"

மறக்காது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் என்ற இருவர் கருந்தலைச் சிக்கடி என்னும் சிறு பறவையை வைத்து இதைச் சோதித்தார்கள். இருபத்தைந்து ஆண்டு தீவனம் வைத்துப் பழகிய இடத்தில் திடீரென அதை நிறுத்தினார்கள். பனி உறையும் குளிர்காலம் அது. ஆனால் அங்கிருந்த பறவைகள், தீவனத்தையே பார்த்திராத காட்டுப் பறவைகளுக்குச் சமமாகவே பிழைத்தன. தீவனம் இருந்த காலத்திலும் அவற்றின் அன்றாட ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் தட்டிலிருந்து வந்தது. ஆகவே ஊருக்குப் போகும்போது "காக்காய்க்கு யார் வைப்பா?" என்று கவலைப்பட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நம்மை நம்பி அது இல்லை. கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

உண்மையான ஆபத்து சோம்பல் அல்ல, நோய். அதை யாரும் எச்சரிப்பதில்லை. பல இனங்கள் ஒரே தட்டில் எச்சிலும் எச்சமும் கலந்து தின்பது இயற்கையில் அவ்வளவாக நடப்பதில்லை. பிரிட்டனில் 2005 வாக்கில் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி, தீவனத் தட்டுக்கு வரும் பச்சைக் குருவி இனம் ஒன்றைத் தாக்கத் தொடங்கியது. தொண்டை வீங்கி விழுங்க முடியாமல் சாகும். நான்கே ஆண்டில் அங்கே அந்த இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தது. 2021இல் அது அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அங்குள்ள பறவைப் பாதுகாப்புச் சங்கமே 2025இல் தட்டையான தீவன மேடைகள் விற்பதை நிறுத்தி வைத்தது. நாம் வைப்பதும் தட்டைத் தட்டுதான். எனவே தினமும் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு வேளைக்குத் தீரும் அளவே வைக்க வேண்டும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மந்தமாக உட்கார்ந்திருக்கும் பறவை தென்பட்டால் இரண்டு வாரம் தட்டை எடுத்துவிடுவது நல்லது. பட்டினி கிடக்காது என்றுதான் மேலே பார்த்தோமே.

"புறாவுக்குப் போட்டால் புண்ணியம்"

புண்ணியக் கணக்கு எனக்குத் தெரியாது. மாடப்புறா நாடெங்கும் பெருகிக்கொண்டே போகிற பறவை, அதற்கு நம் உதவி தேவையில்லை. உலர்ந்த புறா எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வந்து, முற்றினால் நுரையீரல் தழும்பேறிப் போகிறது. மும்பையில் 2025இல் தாதர் உள்ளிட்ட புறாத் தீவன மையங்களை மாநகராட்சி மூட, போராட்டம் வெடித்து விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. அடுக்குமாடியில் ஏசிப் பெட்டிக்குப் பின்னால் புறா குடியிருக்கும் வீட்டில் குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால், தானியப் பையைக் கட்டிவைப்பதே நல்லது.

காக்கை: கண் முதல் அமாவாசை வரை

வேறு எந்தப் பறவையைப் பற்றியும் நம்மிடம் இவ்வளவு கதை இல்லை. தினமும் பார்ப்பது அதைத்தான் என்பதால் இருக்கலாம்.

காக்கைக்கு ஒரே கண்மணி, அதை இரு பக்கமும் உருட்டிப் பார்க்கிறது என்பது காகாசுரன் கதையின் மிச்சம். காக்கைக்கு இரண்டு கண்ணும் முழுதாக உண்டு. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், பக்கத்திலுள்ள ஒன்றை உற்றுப்பார்க்க அது தலையைச் சாய்க்கிறது. கோழியும் அப்படித்தான் பார்க்கிறது. ஆனால் கோழியின்மேல் யாரும் ஒற்றைக்கண் பழி போடவில்லை.

காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது. அதைக் குறுந்தொகையில் பாடியதால்தான் நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். காக்கை கரைவதற்கு அதன் சொந்தக் காரணங்கள் பல: எல்லை சொல்ல, பூனையைக் காட்டிக்கொடுக்க, குஞ்சை அழைக்க, நாம் தாமதமாகத் தட்டு வைத்ததைக் கேட்க. காலையில் சமையலறைச் சுவரில் உட்கார்ந்து கத்தினால் பெரும்பாலும் கடைசிக் காரணம்தான். விருந்தாளி வருவது தற்செயல். ஆனாலும் இந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு ஆர்வமில்லை. யாருக்கும் கெடுதல் இல்லை.

கெடுதல் செய்வது இன்னொன்று. காக்கை தலையில் தட்டினால் சனி பிடிக்கும், சாவு வரும் என்று பயந்து பரிகாரத்துக்கு அலைபவர்கள் உண்டு. கோடையில், குறிப்பாக ஏப்ரல் முதல் ஜூலைவரை, காக்கை கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். கூடு இருக்கும் மரத்தடியில் நடப்பவரை, அதுவும் முதுகைக் காட்டிப் போகிறவரை, பின்னந்தலையில் தட்டும். பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று பக்கத்துச் செடியில் மறைந்திருந்தாலும் தட்டும். ஒரு குடையை விரித்துக்கொண்டு போனால் பரிகாரம் முடிந்தது. குஞ்சு பறந்த பிறகு சனியும் தானாக விலகிவிடும்.

"என்னை மட்டும்தான் குறிவைக்கிறது" என்று சொல்பவரை மட்டும் சிரித்து ஒதுக்க முடியாது. சியாட்டில் நகரில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரின் குழு 2006இல் குகை மனிதன் முகமூடி அணிந்து சில காக்கைகளைப் பிடித்து, வளையமிட்டு விடுவித்தது. அதன்பின் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கூச்சலிட்டன. வேறு முகமூடிக்கு அப்படியில்லை. ஆண்டுகள் கடந்தும் நின்ற பகை அது. பிடிபடாத காக்கைகளும் அதைக் கற்றுக்கொண்டன. அவை அமெரிக்கக் காக்கைகள்தாம், ஆனால் நம்முடையதும் அதே பேரினம். கல்லெறிந்தவரையும் சோறு வைத்தவரையும் பிரித்தறிவது அதற்குப் பெரிய காரியமில்லை.

கூடிப் பகிர்ந்துண்ணும் பறவை என்று வள்ளுவர் காலத்திலிருந்து காக்கைக்கு நற்பெயர். நிறையச் சோறு கிடந்தால் கரைந்து மற்றவற்றைக் கூட்டுவது உண்மை. பல கண்கள் காவல் இருக்கத் தின்பது பாதுகாப்பு. ஆனால் கிடைத்தது ஒரு வடை என்றால்? சத்தமே இருக்காது. எடுத்துக்கொண்டு போய் ஓட்டு இடுக்கிலோ பூந்தொட்டி மண்ணிலோ செருகி, மேலே ஒரு சருகையும் போட்டு மூடிவிட்டு வரும். வேறு காக்கை பார்த்துவிட்டால் இடத்தை மாற்றும். இதை உங்கள் மாடியிலேயே பார்க்கலாம். ஒரு துண்டை மட்டும் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றால் போதும்.

அமாவாசைப் படையலைக் காக்கை எடுக்கவில்லையென்றால் முன்னோருக்குக் கோபம் என்று வீடே கலங்கும். காக்கை புதிய பொருளையும் புதிய ஏற்பாட்டையும் கண்டு தயங்கும் பறவை. வழக்கமான தட்டுக்குப் பதில் வாழையிலை, சுற்றிலும் பத்துப் பேர், புகை, மணியோசை என்றால் அது மரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும். அன்று தெருவில் எல்லா வீட்டிலும் படையல் என்பதையும் மறக்கக்கூடாது. இலையை வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்; பெரும்பாலும் எடுத்துவிடும்.

"குயில் பாடுகிறாள்"

பாடுவது அவன். விடியலில் 'குகூ' என்று ஏறிக்கொண்டே போகும் குரல் ஆண் குயிலுடையது. உடல் கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பில் வெண்புள்ளி போட்டிருக்கும், 'கிக் கிக் கிக்' என்று வெடுக்கெனக் கத்தும். இரண்டையும் ஒரே மரத்தில் பார்த்தாலும் வேறு வேறு பறவை என்றே பலர் நினைக்கிறார்கள். சினிமாப் பாடலாசிரியர்கள் திருந்தும் நாள் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காக்கைக் கூட்டில் முட்டையிடுவது உண்மை. ஆனால் பொரித்ததும் குயில் குஞ்சு காக்கை முட்டைகளை முதுகில் ஏந்திக் கீழே தள்ளும் என்பது ஐரோப்பியக் குயிலின் படத்தைப் பார்த்து வந்த குழப்பம். நம் குயில் குஞ்சு பொதுவாக அப்படிச் செய்வதில்லை. காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்து, வாயைப் பெரிதாகத் திறந்து இரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். பல கூடுகளில் காக்கைக் குஞ்சும் கூடவே வளர்கிறது. தட்டில் சோறு இருந்தாலும் குயில் அதைச் சீண்டாது, பழந்தின்னி. கறிவேப்பிலை மரத்தைப் பழுக்க விட்டால் வந்துவிடும். நமக்கு நஞ்சான மஞ்சள் அரளிப் பழத்தையும் தின்னும்.

"எங்கள் தோட்டத்துக்கு ஹம்மிங் பறவை வருகிறது"

வராது. சுமார் 360 இன ஹம்மிங் பறவைகளும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. இட்லிப்பூச் செடியில் நீங்கள் பார்த்தது தேன்சிட்டு. இரண்டுக்கும் உறவில்லை, பூந்தேன் குடிக்கும் ஒரே தொழில் இரண்டையும் ஒரே மாதிரி நீண்டு மெலிந்த அலகுக்குக் கொண்டுவந்திருக்கிறது. தேன்சிட்டு சில நொடி அந்தரத்தில் நிற்கும், ஆனால் உட்கார்ந்து குடிக்கவே விரும்பும். மயில்கழுத்து நிறத்தில் மின்னிய ஊதாத் தேன்சிட்டு ஆண், இனப்பெருக்கம் முடிந்ததும் மங்கி மஞ்சளாகி நெஞ்சில் ஒரு கறுப்புக் கோட்டோடு நிற்கும்போது, "அது போய் வேறு ஒன்று வந்திருக்கு" என்பார்கள். அதேதான் இது.

சிவப்புச் சாயம் போட்ட சர்க்கரைத் தண்ணீர்க் குடுவையை இணையத்தில் வாங்கித் தொங்கவிடுவதும் ஹம்மிங் பறவைக் கதையோடு வந்தது. வெயிலில் அந்தத் தண்ணீர் சீக்கிரம் புளித்துவிடும். ஒரு செம்பருத்தி, ஒரு இட்லிப்பூ, கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு வாழை என்று இருந்தால் குடுவை தேவையில்லை. தன் குஞ்சுக்கு அது கொடுப்பதும் தேன் அல்ல, சிலந்தியும் பூச்சியும்தான். அதனால் மூலையில் இருக்கும் ஒட்டடை எல்லாவற்றையும் அடித்துவிடாதீர்கள். தொங்கும் கூட்டைக் கட்ட அதற்குச் சிலந்தி நூலும் வேண்டும்.

கார்க் கண்ணாடியில் குருவியோ தேன்சிட்டோ மணிக்கணக்கில் கொத்திக்கொண்டிருந்தால் அழகு பார்ப்பதாக நினைத்துப் படமெடுக்கிறோம். அது சண்டை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணி, அலகு வலிக்க, இரை தேடும் நேரத்தையும் விட்டுச் சண்டை போடுகிறது. கண்ணாடிமேல் ஒரு பழந்துணியைக் கட்டினால் எதிரி ஒழிந்துவிடுவான்.

அணில்

இராமர் தடவிய மூன்று விரல் தடம் என்பது அழகான கதை, அதைப் பொய்யென்று நிரூபிக்க உட்கார்வது வீண்வேலை. ஆனால் இரண்டு செய்திகள் சுவையானவை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் அணை கட்டும் அணில் வருகிறது. நீரில் நனைந்து மணலில் உருண்டு கடலை அடைக்கப் பார்க்கிறது. முதுகில் கோடு விழும் காட்சி அங்கே கிடையாது. வால்மீகியிலோ அணிலே இல்லை. இரண்டாவது, மூன்று கோடு நம் தென்னாட்டு அணிலுக்குத்தான். வடக்கே போனால் ஐந்து கோடு.

அணில் சைவம் என்பதுதான் எளிதில் உடையும் நம்பிக்கை. பழமும் கொட்டையும் பிடிக்கும், பூச்சியும் பிடிக்கும், காவலில்லாத கூட்டில் முட்டை கிடைத்தால் அதையும் விடாது. கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கும் செடிக்கு அருகில் கடலைத் தட்டு வைப்பது, விருந்தாளிக்கு வழி காட்டுவதுதான். தீவனத் தட்டு ஒரு மூலையில், கூடுகட்டத் தகுந்த புதர் வேறு மூலையில் இருக்கட்டும்.

வாலை வெட்டி வெட்டி ஆட்டியபடி நிறுத்தாமல் அது கத்துவதை "குஷியாப் பாடுது" என்பவர்கள் கொஞ்சம் கீழே பார்க்க வேண்டும். பூனை, கீரி, பாம்பு, மேலே என்றால் வல்லூறு, ஏதோ ஒன்று அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். தவிட்டுக்குருவிகளும் உடன்சேர்ந்து இரைச்சல் போட்டால் சந்தேகமே வேண்டாம். அணில் கத்துமிடத்தில் பாம்பு இருக்கும் என்று கிராமத்துப் பாட்டிகள் சொன்னது இந்தப் பட்டியலில் உண்மைப் பக்கம் சேர்கிறது, எப்போதும் பாம்பாக இருக்க வேண்டியதில்லை என்ற திருத்தத்தோடு.

கூட்டோடு விழுந்த அணில் குட்டிக்குப் பஞ்சில் பசும்பால் தொட்டு ஊட்டுவது பலர் செய்வது, பாசத்தோடு செய்வது. அதனாலேயே பல குட்டிகள் சாகின்றன. பசும்பால் வயிற்றைக் கெடுக்கும், அவசரமாக ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். முதலில் அதற்கு வேண்டியது பால் அல்ல, சூடு. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் இருக்க, ஒரு சிறு பெட்டியில் வைத்து, விழுந்த இடத்துக்கு மேலே பூனைக்கு எட்டாதபடி விட்டுவிட்டு விலகினால், தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். பகல் முழுதும் வராவிட்டால்தான் வனத்துறையையோ கால்நடை மருத்துவரையோ கூப்பிட வேண்டும்.

"மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது"

சேர்க்கும். பறவைக்கு வாசனையே தெரியாது என்பதும் சரியல்ல, ஆனால் இத்தனை நாள் அடைகாத்து இரையூட்டிய குஞ்சை நம் விரல் வாடைக்காக எந்தத் தாயும் கைவிடுவதில்லை. இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே எடுத்து வைக்கலாம். கூடு சிதைந்திருந்தால் தேங்காய் நார் போட்ட ஒரு சிறு கூடையை அதே கிளையில் கட்டினால் போதும். இறகு முளைத்து வால் குட்டையாகத் தத்திக்கொண்டிருப்பது விழுந்த குஞ்சே அல்ல, பறக்கப் பழகும் குஞ்சு. அதை வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் கடத்தல். நாயையும் பூனையையும் உள்ளே கட்டினால் பாதி உதவி செய்தாயிற்று.

தாய் கூட்டைக் கைவிடுவது வேறொன்றுக்காக: திரும்பத் திரும்பப் போய் எட்டிப் பார்ப்பது, படமெடுப்பது, கிளையை வெட்டி வெளிச்சம் விடுவது. சிவகங்கை மாவட்டம் போத்தகுடியில் 2020இல் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டிவிட்டது. குஞ்சு பறக்கும்வரை சுவிட்சைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே இருட்டில் இருந்தது. செய்ய வேண்டியது அதுதான், தொடாமல் இருப்பது.

தண்ணீர்க் கிண்ணம்

ஏப்ரல் வந்ததும் "வாயில்லா ஜீவன்களுக்குத் தண்ணீர் வையுங்கள்" என்று படங்கள் சுற்றத் தொடங்கும். கூடவே, வாயைப் பிளந்து நிற்கும் காக்கையின் படம் ஒன்று: தாகத்தில் தவிக்கிறதாம். பறவைக்கு வேர்க்காது. வாயைத் திறந்து வேகமாக மூச்சுவிட்டு, தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. நன்றாகத் தண்ணீர் குடித்த காக்கையும் மதியம் இரண்டு மணிக்கு அப்படித்தான் நிற்கும். ஆனால் அப்படி ஆவியாகும் நீரை ஈடுகட்ட வேண்டுமே. ஆகவே படம் தவறு, தண்ணீர் வைப்பது சரி.

எப்படி வைக்கிறோம் என்பதில்தான் கோளாறு. ஆழமான வாளியிலும் வழுக்கும் எவர்சில்வர் பாத்திரத்திலும் அணில் குட்டிகளும் குருவிகளும் விழுந்து மூழ்குகின்றன. இரண்டு விரல் ஆழமுள்ள சொரசொரப்பான மண் தட்டு, நடுவில் ஒரு கல், மேலே நிழல், பூனை பதுங்க இடமில்லாத திறந்த வெளி என்று இருக்க வேண்டும். "பறவை குடிக்கும் தண்ணீரில் கொசு வராது" என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நன்னீர் எதுவானாலும் சரி. முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதன் முட்டை பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே மேலே மேலே ஊற்றி நிரப்புவதில் பயனில்லை. தினமும் கொட்டிவிட்டு, வாரத்துக்கு இரண்டு முறையாவது தேங்காய் நார் போட்டு ஓரத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும். கொட்டும் தண்ணீரை அந்த இட்லிப்பூச் செடிக்கே ஊற்றலாம்.